துரையின் சிவப்புக் காரும் என் மகளின் கூரையும்

பழைய கார்த் தரகு என்பது, வேறொருவன் செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளையை நாம் காசு கொடுத்து வாங்கித் திருத்தப் பார்க்கிற தொழில்.

பழைய வாகனம் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, வீட்டில் பேச்சுக் கேட்டு, பாதி வழியில் இறங்கித் தள்ளிய அன்பர்கள் எல்லாரும் எனக்கு உறவுக்காரர்தான். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தது மூன்று வருசம். மிச்சப் படிப்பை மாட்டுச் சந்தை தந்தது. மாட்டில் தொடங்கி, மாடு பூட்டுகிற கரத்தைக்கு ஏறி, கல்முனை பஸாரில் காருக்கு வந்து சேர்ந்தேன். மாடும் கரத்தையும் போய்விட்டன, கோபம் மட்டும் கூடவே வந்தது. கம்பெனி செய்வதை நிப்பாட்டிய ஸ்போர்ட்ஸ் காருக்கு விலை நிற்குமா, விழுமா என்று இப்போது தேத்தண்ணிக் கடையில் என்னை மறித்துக் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். இந்தக் கரையில் அந்தச் சோதனையை எழுதியவன் நான் ஒருவன்தான்.

துண்டுக்குள் ஒரு கைலாகு

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. தோளில் கிடக்கும் துண்டைக் கையின்மேல் போட்டு, அதற்குள்ளே விற்கிறவனும் வாங்குகிறவனும் விரல் பிடிப்போம். மாட்டுக்கு ஒரு விரல் பத்து ரூபாய். காருக்கு வந்த பிறகும் நான் துண்டை விடவில்லை. விரலை மட்டும் ஆயிரமாக்கினேன். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. வியாபாரத்தின் பாதி வெற்றி அதில்தான்.

இங்கினியாகலைப் பக்கம் அணை கட்ட வந்த ஒரு துரை, வேலை முடிந்து கப்பலேறப் போகிறார், தன் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். சிவப்புக் கார். இரண்டே இரண்டு இருக்கை. மேலே கூரை கிடையாது, மடக்கி விரிக்கிற கன்வஸ் துணி ஒன்று, அதுவும் கிழிசல். நீண்ட மூக்கு, கம்பி போட்ட சக்கரம். பார்த்ததும் மனம் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. தரகனுக்கு வரக்கூடாத நோய் அது. மூன்றுக்கு மேல் போவதில்லை என்று நிய்யத்து வைத்துக்கொண்டு, துண்டைப் போட்டுக் கையை நீட்டினேன். துரை சிரித்துக்கொண்டு என் முழுக் கையையும் பிடித்துக் குலுக்கினார். எங்கள் வழக்கில் ஐந்து விரலும் பிடித்தால் ஐந்தாயிரம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கையை உருவி மூன்று விரலைக் கொடுத்தேன். அவர் மறுபடியும் முழுக் கையைத்தான் பிடித்தார், இந்தமுறை இன்னும் அன்பாக. கோபம் வந்தால் எழும்பிப் போகிற ஆள் நானில்லை. நின்று வாங்கிவிட்டுத்தான் போவேன். "நாலு. அதுக்கு மேல ஒரு சதமும் இல்ல" என்று வாயாலேயே கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற கிளாக்கர் அதை இங்கிலீசில் சொன்னார். துரை என்னைக் கட்டிப்பிடிக்காததுதான் குறை.

காசு கை மாறி, சாவி என் மடிக்கு வந்த பிறகு கிளாக்கர் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். அண்ணன் வயதுக்காரனை எங்கள் பக்கத்தில் காக்கா என்பார்கள். "காக்கா, ரெண்டாயிரத்து ஐந்நூறு கிடைச்சாப் போதும் எண்டுதான் துரை இருந்தவர். நீங்க ஏன் துண்டுக்குள்ள கைலாகு குடுத்தீங்க?"

கிடுகு

அந்த நாலாயிரம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே பெண்பிள்ளை பெற்றவன் சோறு தின்கிறானோ இல்லையோ, வீடு கட்ட வேண்டும். என் மகள் ரஹீமாவுக்கு மருதமுனையில், கைத்தறிச் சாரம் நெய்து விற்கிற ஒரு குடும்பத்தில் பேசி முடித்திருந்தோம். நாங்கள் இருக்கிற பழைய வீட்டை ஒட்டி, புது வீட்டுக்குச் சுவர் எழும்பியாயிற்று. கூரைக்கு மரமும் ஓடும் வாங்க வைத்திருந்த காசில்தான் காரை வாங்கினேன். ஒரு மாதத்தில் விற்கலாம், லாபத்தில் வாசலுக்கு நல்ல கதவும் போடலாம் என்று எண்ணம். உங்களில் யார் இப்படி எண்ணாதவர்?

காரை விட வேறு இடமில்லை. முன் சுவர் இன்னும் வைக்காத நடு அறைக்குள் ஓட்டி நிறுத்தினேன். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. கூரையில்லாத வீட்டுக்குள் கூரையில்லாத கார். மாரி பிறந்ததும் இருக்கைத் தோல் நனைந்து ஊறிவிடும் என்று பயந்து, நாலு பக்கமும் கம்பு நட்டு, மேலே தென்னோலைக் கிடுகு வேய்ந்தேன். வேய்ந்து முடித்து நான் இறங்கும்வரை என் மனைவி குடையோடு நின்று பார்த்தாள். "காருக்குக் கூரை போட்டாச்சு, அல்ஹம்துலில்லாஹ். இனி மாப்புளயக் காருக்குள்ளயே குடியிருத்துவம்."

எட்டுப் பேரில் ஆறு பேர்

ஒரு மாதம் நாலு மாதமாயிற்று. பார்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. நெல் முதலாளி ஒருவர் மூட்டை எங்கே ஏற்றுவது என்று கேட்டார். பொத்துவில் கருவாட்டு வியாபாரி, கருவாட்டுச் சிப்பம் வைக்க இடம் தேடிப் பின்பக்கத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "சிப்பத்துக்கு லொறி வாங்குங்க, இது மனிசன் போற கார்" என்று கத்தி அனுப்பினேன். கத்தி அனுப்பிய ஆள் திரும்பி வருவதில்லை என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன?

சம்மாந்துறையிலிருந்து வந்த போடியார்தான் உண்மையில் ஆசைப்பட்டார். ஐம்பது ஏக்கர் வயல்காரர். பெண்சாதியையும் ஆறு பிள்ளைகளையும் கரத்தையில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். காருக்குள் ஏறி உட்கார்ந்தார், பக்கத்தில் பெண்சாதியை உட்காரவைத்தார், ஹோர்னை இரண்டு தரம் அடித்தார். ஆறு பிள்ளைகளும் வெளியே வரிசையாக நின்று வாப்பாவையே பார்த்தன. போடியார் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, கடைசியில் இறங்கினார். "காக்கா, கார் நல்லம். ஆனா இதை எடுத்தா ஆறு புள்ளயத் திருப்பிக் குடுக்கணும்."

தாய் தகப்பன் இல்லாதது

காருக்கு ஒரு சாமான் தேவைப்பட்டது. எனக்கு எப்போதும் வேலை செய்கிற மெக்கானிக், பாண்டிருப்புப் பொன்னையா பாஸ், அதை வாங்க மட்டக்களப்புக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பினார். இந்த மாதிரிக் காரைச் செய்வதைக் கம்பெனி நிப்பாட்டிவிட்டதாம், இனி வேறு மாதிரிதானாம், சாமான் கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

மதியம் லுஹர் தொழுகைக்கு வந்த செய்தி பின்னேரம் அஸருக்குள் பஸார் முழுக்கப் பரவிவிட்டது. நேற்று மூன்று விரல் பிடித்தவன் இன்று ஒன்றரை பிடித்தான். இன்னொருவன் துண்டுக்குள் கையையே விடாமல், நிறுத்துப் பழைய இரும்பு விலைக்குத் தாறீங்களா என்று கேட்டான். அவனுக்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. மூன்று வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்குப் பின்வாசலால் போய்வந்தேன். பொன்னையா பாஸ் மட்டும் தினமும் வந்து எண்ணெய்த் துணியால் காரைத் துடைத்துவிட்டுப் போவார். ஒருநாள் துடைத்தபடியே சொன்னார்: "தாய் தகப்பன் இல்லாமப் போயிற்று காக்கா. இனி இதுக்குச் சோறு போடுற ஆள் நீங்கதான்."

வேலிக்கு அங்கால போன வாள்

பிறகு ஒரு யோசனை வந்தது. யோசனை என்னுடையது, கெட்டுப்போனால் பாஸின் தலையில் போடலாம் என்றிருந்தேன். இருக்கைக்குப் பின்னால் உள்ள பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, பலகையால் பெட்டி அடித்து, மீன் ஏற்றுகிற வேனாக மாற்றி விற்பது. தகரத்தை வெட்ட பாஸ், பெட்டி அடிக்க ஓர் ஓடாவி. தச்சு வேலையில் ஊரிலேயே கெட்டிக்காரர் அந்த ஓடாவி. வாயிலும் அப்படித்தான்.

ஓடாவி வந்து, அளந்து, இருக்கைக்குப் பின்னால் வெள்ளைச் சோக்கால் கோடு போட்டார். கோடு போட்டுவிட்டுக் கூலியைக் கூட்டினார். முந்தினநாள் எண்பது என்றவர் இப்போது நூற்றிருபது என்றார். துண்டைப் போட்டேன், தனக்கு மாட்டுக் கதை வேண்டாம், வாயால் கதையுங்கள் என்றார். அதோடு என் பொறுமை முடிந்தது. அவருடைய மரம் அறுக்கிற வாளை எடுத்து வேலிக்கு அங்கால எறிந்தேன். அவர் ஆறுதலாகப் போய் எடுத்து, மண்ணைத் துடைத்து, வேலிப் படலையில் நின்று சொன்னார்: "இதை இனி ஒருத்தனும் தொட மாட்டான் காக்கா. உள்ளுக்குப் பாயப் போட்டு நீங்களே படுங்க."

சம்மந்தி வானம் பார்த்தார்

நோன்புப் பெருநாள் கழிந்து சம்மந்தி வந்தார். பக்கத்தில் மாப்பிள்ளைப் பிள்ளையாண்டான், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டுப் பக்கம் வரக்கூடாதவன், வாப்பாவுக்குத் துணை என்ற சாட்டில். சம்மந்தி அறை அறையாக நடந்தார். ஒவ்வோர் அறையிலும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பழைய வீட்டுச் சமையலறைக்குள் ரஹீமாவும் உம்மாவும் மூச்சுவிடாமல் நிற்பது எனக்குத் தெரியும். ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் கூரை ஏறாவிட்டால் வேறு இடம் பார்க்கும்படி அவர்கள் குடும்பத்தில் நெருக்குவதாக, தரையைப் பார்த்தபடி சொன்னார். நியாயம்தான்.

மாப்பிள்ளையோ வீட்டைப் பார்க்கவேயில்லை. கிடுகுக்குக் கீழே குனிந்து காரை மூன்று தரம் சுற்றி வந்தான். தான் ஊர்வலம் வருவதென்றால் இதில்தான் வருவேன் என்று வாப்பாவிடம் சொன்னான். கிடைத்த ஈர்க்கைப் பிடித்துக்கொண்டு, "ஓம் மகன், இதிலதான்" என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். சம்மந்தி என்னையும் காரையும் வானத்தையும் பார்த்தார். "அவன் காரில வரட்டும் தரகர். ஆனா இறங்குற இடத்தில கூரை இருக்கணும்."

பேருவளைக் கை

ஹஜ்ஜுக்கு ஐந்து கிழமை இருக்கும்போது பேருவளையிலிருந்து ஒரு மாணிக்கக் கல் வியாபாரி வந்திறங்கினார். மட்டக்களப்புச் சாமான் கடைக்காரர் சொல்லித்தான் வந்தாராம். அந்தப் பக்கத்து ஆட்கள் காக்கா என்பதில்லை, நாநா என்பார்கள். மனிதர் வெள்ளைச் சட்டையோடு காருக்கு அடியில் தவழ்ந்தார். என்ஜினில் அடித்திருந்த இலக்கத்தைத் துடைத்து வாசித்தார். விளக்கு, கம்பிச் சக்கரம், கிழிந்த கன்வஸ் எல்லாம் துரை விட்டபடியே இருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டார். பிறகு அவருடைய கண் சோக்குக் கோட்டில் விழுந்தது. அது என்ன என்றார். உள்ளதைச் சொன்னேன். மனிதரின் முகம் நோன்பு முப்பதும் ஒரே நாளில் பிடித்ததுபோல் ஆயிற்று. வெட்டியிருந்தால் இது வெறும் தகரம், தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பியிருப்பேன் என்றார். என் கோபம் எனக்குச் சம்பாதித்துத் தந்தது அந்த ஒரே தடவைதான். ஓடாவிக்கு அடுத்தநாள் ஒரு குலை வாழைப்பழம் அனுப்பினேன்.

நான் துண்டை எடுக்குமுன் அவர் தன் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை, கைக்குட்டையை, எடுத்துக் கையின்மேல் போட்டார். கல் வியாபாரத்திலும் இதே விரல்தானாம். மூன்று பிடித்தார். மூன்றுக்கே கொடுத்துவிடுகிற நிலையில்தான் இருந்தேன், ஆனால் கை கேட்கவில்லை, உருவிக்கொண்டது. நாலு பிடித்தார். ஓடும் மரமும் கண்முன்னே வந்தன. பிடித்த கையோடு அவர் கன்வஸ் கிழிசலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், எனக்கு மூக்கில் ஏறியது, மறுபடியும் உருவினேன். உள்ளே என் மனைவி சட்டியை நிலத்தில் வைத்த சத்தம் கேட்டது. வியாபாரி என்னை நிதானமாகப் பார்த்து, முழுக் கையையும் பிடித்தார். ஐந்து. கல்யாண ஊர்வலம் முடிந்த பிறகுதான் கார் தருவேன் என்ற நிபந்தனையை அப்போதுதான் சொன்னேன். அதற்கும் தலையாட்டினார், வேறொருவன் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, மாப்பிள்ளையைத் தானே ஓட்டிவருவேன் என்று. செய்வதையே விட்டுவிட்ட காருக்கு ஏன் இவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று நான் வாய்விட்டுக் கேட்டேன். தரகன் கேட்கக்கூடாத கேள்வி அது. "கல்லுத் தோண்டுற கிடங்கு வத்தினாப் பொறகுதான் நாநா கல்லுக்கு விலை. செய்யிறவன் நிப்பாட்டினா, வச்சிருக்கிறவன்தான் முதலாளி."

பாய்

அவர் முன்கூட்டியே எண்ணித் தந்த காசில் கூரை ஏறியது. காரை வெளியே எடுத்து முன் சுவரையும் கட்டினோம். கல்யாணத்தன்று அஸருக்குப் பிறகு மருதமுனையிலிருந்து ஊர்வலம் வந்தது. ஸ்டியரிங்கில் பேருவளையார், நடைவேகத்துக்கு மேல் போகமாட்டேன் என்று பிடிவாதமாக. பக்கத்தில் மாப்பிள்ளை. மாப்பிள்ளைத் தோழனுக்கு இருக்கை இல்லாததால் அவன் சைக்கிளில், ஒரு கையால் ஹாண்டிலையும் மறுகையால் மாப்பிள்ளைக்குக் குடையையும் பிடித்தபடி வந்தான். போடியாரும் ஆறு பிள்ளைகளோடு தெருவோரம் நின்றார். சம்மந்தி வாசலில் ஏறியதும் எனக்கு ஸலாம் சொல்லவில்லை. முதலில் அண்ணாந்து ஓட்டுக் கூரையைப் பார்த்தார், பிறகுதான் சொன்னார்.

மறுநாள் காலையில் கார் போய்விட்டது. பேருவளையார் இப்போது அதை எட்டுக்கும் கொடுக்கமாட்டேன் என்கிறாராம்; கேட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் மகளின் புது வீட்டுக்குப் போனேன். நடு அறையில், கார் ஒரு வருசம் நின்ற இடத்தில், சம்மந்தி வீட்டார் தந்த மருதமுனைப் பாய் விரித்திருந்தது. உட்காரப் போனவனை ரஹீமா மெல்லத் தடுத்து, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பாய இழுத்துராதீங்க வாப்பா. ஒயில் கறை எவ்வளவு கழுவியும் போகல்ல, அவங்க ஆக்களுக்கு இன்னம் தெரியா."

செய்வதை நிப்பாட்டிய காருக்கு விலை ஏறும் என்பதை நான் எங்கேயும் சத்தியம் பண்ணிச் சொல்வேன், ஆனால் அது ஏறும்வரை காத்திருக்கிறவனின் தலைக்கு மேலே முதலில் ஒரு கூரை இருக்க வேண்டும்.