மட்லிக் சபையில் தூக்கிய கைகள்

உங்கள் சபையில் ஒருவர் கையை மட்டும் தூக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டால், அவருக்கு என்ன குறை என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

ஓபல் ரட்லிஃப் கேட்டதில்லை. மேற்கு வர்ஜீனியாவில், மட்லிக் பள்ளத்தாக்கில், அப்படிக் கேட்பது அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பதற்குச் சமம். புதன்கிழமை சாயங்கால ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் ஜெபக்குறிப்பைச் சொல்வார்கள். மாமியாரின் இடுப்பெலும்பு, சுரங்கத்தில் வேலை போன தம்பி, மாப்பிள்ளையின் நுரையீரல். வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள் கையைத் தூக்கி, “சொல்லாத குறிப்பு” என்பார்கள். குடியாக இருக்கலாம், விவாகரத்தாக இருக்கலாம், ஜெயிலில் இருக்கும் மகனாக இருக்கலாம். யாரும் தோண்ட மாட்டார்கள்.

ஜூன் மாதம் இரண்டு கைகள் எழுந்தன. செப்டம்பரில் பதினைந்து.

ஓபல் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே, பின் இருக்கையில் எவன் எதை ஒளிக்கிறான் என்று சொல்லிவிடுவாள். பதினைந்து வீட்டில் ஒரே கோடையில் குடி நுழையுமா? அவள் அந்தப் பதினைந்து முகங்களையும் மனதில் குறித்துக்கொண்டாள்.  எல்லாம் அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கிய முகங்கள்.

வாக்கு கிணற்றைப் பற்றியது. நிலக்கரி கழுவிய கறுப்புச் சேற்றைக் கம்பெனி பழைய சுரங்கக் குழிகளுக்குள் இறைக்கத் தொடங்கி ஐந்து வருடம் ஆகிறது. அடுத்த வசந்தத்திலேயே கிணற்று நீர் ஆரஞ்சு நிறமாகி, அழுகிய முட்டை நாற்றம் எடுத்தது. ஓபலின் கணவன் டென்வர் சிறுநீரகம் கெட்டுச் செத்தான். தண்ணீரால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. தண்ணீரால் இல்லை என்றும் எழுதித் தரவில்லை. இப்போது கம்பெனியின் அனுமதியைப் புதுப்பிக்கும் நேரம். விசாரணையில் பத்து வீட்டார் எழுந்து நின்று தங்கள் கிணற்றைப் பற்றிச் சொன்னால் அரசு சோதனை நடத்தியாக வேண்டும். பத்துக்குக் குறைந்தால் இன்னும் ஐந்து வருடத்துக்குச் சேறு இறங்கும். பத்தொன்பது பேர் வருகிறோம் என்றார்கள். மிஞ்சியவர்கள் ஓபலையும் சேர்த்து நான்கு பேர்.

டென்வரின் தங்கை ட்ரூலாவும் நழுவியவர்களில் ஒருத்தி. சனிக்கிழமைதோறும் ஓபலோடு நெடுஞ்சாலை ஓரத்து ஊற்றுக்குப் போய் கேன்களில் தண்ணீர் பிடித்தவள், கோடையோடு நின்றுவிட்டாள். செவ்வாய்க்கிழமை ஓபல் சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டுச் சமையலறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

“ஷெட்டுக்குப் பின்னாடி என்னடி, யானையையா மூடி வச்சிருக்க?”

“பழைய படகு, அண்ணி.”

“படகுக்கு எதுக்குடி குழாய்?”

ட்ரூலா சோள ரொட்டி மாவைக் கிளறுவதை நிறுத்தினாள். மாவில் ஊற்றியிருந்த தண்ணீர் தெளிவாக இருந்ததை ஓபல் முன்பே பார்த்துவிட்டாள்.

“கேக்காதீங்க அண்ணி. சொன்னா தொட்டிக்கு வர்ற லாரித் தண்ணி நின்னுடும். விசாரணைக்குப் போகமாட்டேன், வெளிய சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“யார்கிட்ட?”

“கம்பெனி ஆளு ஒருத்தர் வந்தாரு. எந்த ஊர்லயோ ஒரு பாஸ்டரோட பிள்ளையாம். காபி குடிக்கக்கூட ஜெபம் பண்ணினாரு. இந்தப் பள்ளத்தாக்குல உங்களுக்கு மட்டும்தான் தர்றோம், வெளிய தெரிஞ்சா மத்தவங்க வயிறு எரியும்னாரு. மனசு உறுத்துதுங்கன்னேன். ஜெபக்கூட்டத்துல கையைத் தூக்குங்க சகோதரி, கர்த்தர்கிட்ட சொல்லத் தடையில்ல, மனுஷங்ககிட்ட சொல்லத்தான் தடைன்னாரு.”

பதினைந்து கைகளும் எதற்கு எழுந்தன என்று ஓபலுக்குப் புரிந்தது. பக்தர்களின் நாகரிகத்தையே பூட்டாக்கி அவர்கள் வாயில் மாட்டியிருக்கிறான்! தான் மட்டும்தான் விலை போனோம் என்று பதினைந்து பேரும் தனித்தனியாக நெஞ்சுக்குள் அழுகிறார்கள். அடுத்தவன் கை எழும்போது, பாவம், இவன் வீட்டில் என்னவோ என்று அவனுக்காக உருகி ஜெபிக்கிறார்கள்.

அதன் பிறகு அவளுக்கு எல்லோர் மேலும் சந்தேகம். போதகர் டெல்மர் கோடையிலிருந்து பரலோகத்தைத் தவிர எதையும் பிரசங்கிப்பதில்லையே, ஏன்? புதன்கிழமை கூட்டத்துக்கு அரைமணி முன்பே போய் அவரைப் பிடித்தாள்.

“பாஸ்டர், உங்க ஷெட்டுக்குப் பின்னாடியும் படகு நிக்குதா?”

அவர் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். “இந்த உலகம் நம்ம வீடு இல்ல, சிஸ்டர். நம்பிக்கையை மேல வைங்க.”

“மேலதான் வச்சிருக்கேன். கிணறு கீழ இருக்கே! டென்வர் கல்லறையிலிருந்து எழுந்து வருவார்னு நான் நம்புறேன். அந்தத் தைரியத்துலதான் கம்பெனிக்காரன் முன்னாடி நிக்கிறேன். நீங்க அதே நம்பிக்கையைச் சொல்லி எங்களை உக்கார வைக்கிறீங்க.”

“என் பேத்திக்கு எட்டு மாசம், ஓபல்.” அவர் புத்தகங்களைக் கீழே வைத்தார். “அவளை அந்தத் தண்ணியிலயா குளிப்பாட்டச் சொல்றீங்க?”

 ஓபல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது. நாளைக்கே விசாரணை, நான்கு பேர். பெயர்களைச் சொல்லிவிடலாம். சொன்னால் ட்ரூலாவின் தொட்டி காயும், அந்தக் குழந்தையின் தொட்டியும் காயும். தன் கோபத்துக்கு அடுத்தவர் தண்ணீரைப் பணயம் வைக்க அவள் யார்?

ஜெபக்குறிப்பு நேரம் வந்தது. கைகள் எழுந்து இறங்கின. ஓபல் எழுந்து நின்றாள்.

“என்னோடது சொல்ற குறிப்பு. நாளைக்கு விசாரணைக்குப் போறேன். என் கிணத்துத் தண்ணி ஆரஞ்சா இருக்கு. இன்னும் ஆறு வீடு வேணும். அப்புறம் ஒண்ணு. ஒரு தாள்ல தான் மட்டும்தான் கையெழுத்துப் போட்டோம்னு இங்க யாராவது நினைச்சிருந்தா, அது பொய். நீங்க மட்டும் இல்ல.”

 தலைகள் மெல்லத் திரும்பின. ஒருவர் மற்றவரின் கையைப் பார்த்தார்கள்.

“அடப்பாவி கர்ட்டிஸ்,” என்றார் பழைய சுரங்கத் தொழிலாளி வெர்லின். “உன் மருமக ஓடிப்போயிட்டான்னு நெனச்சு மூணு மாசமா முட்டி தேய ஜெபம் பண்றேன்டா!”

“எங்கடா ஓடினா? வீட்ல பீன்ஸ் வேக வைக்கிறா! நீ மறுபடி குடிக்கிறேன்னுல்ல நான் உபவாசம் இருந்தேன்!”

சிலர் சிரித்தார்கள். சிலர் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். மூன்று பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் கம்பெனிக்குப் போன் செய்வார் என்று ஓபலுக்குத் தோன்றியது. தோன்றியது சரிதான்.

வியாழக்கிழமை எட்டு வீட்டார் எழுந்து நின்றார்கள். எட்டாவது ஆள் ட்ரூலா. போதகர் வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார், எழவில்லை. அற்புதம் எதுவும் நடக்கவில்லை. மீதி இரண்டு வீட்டுக்கு முப்பது நாள் தவணை என்றார் அதிகாரி. மறுவாரம் கர்ட்டிஸ், வெர்லின், ட்ரூலா உட்பட, புதிதாக எழுந்து நின்ற நான்கு வீட்டுக்கும் லாரி வரவில்லை. அவர்களும் ஓபலோடு சேர்ந்து ஊற்றுக்குப் போகிறார்கள்.

“முப்பது நாள்ல ரெண்டு வீடு கிடைக்கும்னு நிஜமாவே நம்புறீங்களா அண்ணி?” என்று கேட்டாள் ட்ரூலா.

“நம்பாமலா கதவு கதவா தட்டுறேன்? தூக்குடி கேனை.”

மட்லிக்கில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். ‘உங்களுக்கு மட்டும்’ என்று சொல்லி யாராவது உங்களிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால், அதை இன்றைக்கே வெளியே எடுங்கள். அவர்கள் அனுப்பாத ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, உங்களிடமும் வாங்கினார்களா என்று கேளுங்கள்.