கனபாடம் வரும், தண்ணீர் என்ற சொல் வராது

1953 ஆகஸ்டில் பஞ்சாபகேச கனபாடிக்கு வயது ஐம்பத்தொன்று. காலையில் சங்கல்பம் முடித்து எழுந்தவர் கூடத்திலேயே சரிந்தார். வலது கை மெல்லத் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. தண்ணீர் வேண்டுமானால் சொம்பைக் காட்டினார். மனைவி சூடாமணியின் பெயரும் போயிற்று.

வேதம் போகவில்லை. தெருவில் யாராவது முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தால் போதும். கனபாடம் என்பது சொற்களை முன்னும் பின்னுமாகப் புரட்டிச் சொல்வது: ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று, மூன்று இரண்டு ஒன்று, மறுபடி ஒன்று இரண்டு மூன்று. அதில் ஒரு பிசகும் இல்லை. மூளையின் இடப்பக்கத்தில் ரத்தம் அடைத்துவிட்டது, மனப்பாடம் வேறெங்கோ தங்கியிருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். சொல்வதன் அர்த்தம் அவருக்குத் தெரிகிறதா என்று சூடாமணி கேட்டதற்கு, "அதைப் பார்க்க எங்களிடம் கருவி இல்லை" என்றார்.

கோட்டைக்குள் அவர்கள் குடியிருந்த தெருவின் பாராயணக் குழுவுக்குக் கனபாடிதான் தலைமை. அவருக்கும் சூடாமணிக்கும் சாப்பாடு அந்த வருமானத்தில்தான். மார்கழிப் பாராயணம் நெருங்கியதும் குழுவைக் கவனிக்கும் ராமசுப்ரமணியன் வீட்டுக்கு வந்தார்.

"மன்னி, அவர் சொல்றது கிராமபோன் பாடறாப்பல ஆயிடுத்து. உள்ளே மனசு வேண்டாமா? இடத்தை எப்படித் தர்றது?"

"மத்தவா மனசையெல்லாம் நோக்கியாச்சா? போன வருஷம் உங்க சாம்பசிவன் பாதித் தூக்கத்திலேன்னா சொன்னான்."

"அவனை எழுப்பினா எழுந்துடுவான்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, சூடாமணி எழவில்லை.

ராமசுப்ரமணியன் கனபாடியைச் சங்கல்பம் சொல்லச் சொன்னார். அன்றைய மாதம், பட்சம், திதி எல்லாம் சொல்லித்தான் எந்தக் காரியமும் தொடங்கும். அந்த இடம் மட்டும் தினமும் மாறும். கனபாடி தடங்கலின்றிச் சொன்னார்: சிம்ம மாசம், சுக்ல பட்சம், தசமி. அவர் விழுந்த நாள் அது. வெளியே கார்த்திகை மழை பெய்துகொண்டிருந்தது. மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் தசமி.

"கேட்டேளா மன்னி, இன்னிக்குன்னு ஒண்ணு அவருக்கு இல்லை."

"எனக்கு மட்டும் இருக்கோ?" என்றாள் சூடாமணி. குரல் உயரவில்லை.

ராமசுப்ரமணியன் குடையை எடுத்துக்கொண்டு, "வரட்டும், உட்காரட்டும்" என்றார்.

மார்கழி முதல் நாள் கனபாடி வரிசையின் கடைசியில் உட்கார்ந்தார். சங்கல்பத்தை ராமசுப்ரமணியன் சொன்னார்.