பாறையில்தான் சிக்னல்

எங்கள் ஊர் மகளிர் குழுவுக்கு நான்தான் தலைவி. போன வருடம் கிரிக்கெட் இறுதி ஆட்டத்துக்கு முந்தின வாரம், மலைக்குக் கீழே ஒரு ஆபீசில் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். பெரிய ஆட்டம் நடக்கிற அன்றைக்குக் குடி கூடும், வீட்டில் பெண்களுக்கு விழுகிற அடியும் கூடும் என்று விளக்கி, உதவிக்குக் கூப்பிட ஒரு நம்பர் கொடுத்தார்கள். எனக்கு ஒரே பூரிப்பு. வளைவுக்கு வளைவு பஸ்ஸில் தலை சுற்றியும் அந்த நம்பரை மனப்பாடம் செய்துகொண்டே மேலே வந்தேன்.

குழுவில் எல்லோரையும் அதை மூன்று தடவை சொல்ல வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் வாய் திறக்கவில்லை. அவளுக்காகத்தான் நான் அவ்வளவு கத்தியதே. நம் டீம் தோற்றால் அவள் புருஷன் அவளைப் போட்டு அடிப்பான். கேட்டால் மிளகு பறிக்க ஏறினபோது ஏணி சறுக்கிவிட்டது என்பாள். வருடம் பூராவுமா மிளகு பறிக்கிறார்கள்? நாங்களும் தலையாட்டிக்கொள்வோம்.

ஆட்டத்தன்று சாயங்காலம் பிள்ளையோடு வந்து நின்றாள். "தோக்கற மாதிரி இருக்குதாமுங்க்கா" என்றாள். அவர்கள் வீட்டில் இருக்கிற ஒரே போன் அவனிடம். என் போனை அவள் கையில் திணித்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு, "பாறைக்குப் போயிக் கூப்புடு கண்ணு" என்றேன்.

எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது அந்தப் பாறையில் மட்டும்தான். ஆண்கள் கூடி உட்கார்ந்து போனில் ஆட்டம் பார்ப்பதும் அங்கேதான். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? நம்பர் நிறைந்திருந்த என் மண்டையில் அது உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்திருக்கும். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். தலைவி சொல்கிறாளே, யோசித்துத்தான் சொல்வாள் என்று நினைத்திருப்பாள். போய்விட்டாள்.

சத்தம் கேட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். பாறை மேலேயே அவளை அடித்துக்கொண்டிருந்தான். பத்துப் பதினைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. கடைசி ஓவராம். நான் நடுவில் விழுந்து தடுத்தேன், எனக்கும் ஒன்று விழுந்தது. அதே நேரத்தில் நம் டீம் ஜெயித்தது. எல்லோரும் குதித்தார்கள், அவனும் கையை விட்டுவிட்டுக் குதித்தான்.

மறுநாள் போனைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கண் வீங்கியிருந்தது. என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

"எடுத்தாங்க்கா. 'சொல்லுங்கம்மா'ன்னு ஒரு பொம்பள கேட்டுச்சு. என்னைய அப்புடி ஆருமே கேட்டதில்லீங்க. அதுக்குள்ள அவரு வந்துட்டாரு."

அதற்குப் பிறகு அவன் அவளைக் குழுவுக்கு அனுப்புவதில்லை. இந்த மாதம் மறுபடியும் ஆட்டம் வருகிறது. அவளிடம் கொடுக்க என்னிடம் போன் இருக்கிறது. எங்கே போய்ப் பேசு என்று சொல்வது?