பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் முந்தி ஓடும். ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். காலையில் அடிவாரத்திலுள்ள ஒடுகத்தூருக்கு இறங்குவது ஒரே பஸ். அதை விட்டால் அன்றைய நாள் போயிற்று. அதனால் முள்ளைத் தள்ளி வைத்துவிட்டு, பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வார்கள். எப்படியும் கழிக்கத்தானே போகிறீர்கள், பிறகு எதற்குத் தள்ளி வைக்கிறீர்கள் என்று கல்யாணமாகி வந்த புதிதிலேயே கேட்டுச் சலித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பவள் நான். தப்பென்று தெரிந்த ஒன்றைச் சுவரில் மாட்டி வைத்திருப்பது எனக்கு எரிச்சலாகவே இருக்கும்.

என் கணவருக்கு நடுக்குவாதம் வந்தபின் அந்த எரிச்சலோடு பயமும் சேர்ந்துகொண்டது. வலது கையில் தொடங்கிய நடுக்கம் போதாதென்று, நடந்துகொண்டிருக்கும்போதே கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றன. மாத்திரை போட்டால் கொஞ்ச நேரத்தில் உடம்பு இளகிவிடும். சாமைக் கொல்லைக்குப் போவார், புளியந்தோப்புக்குப் போவார். மருந்தின் வேகம் இறங்கினால் மறுபடி மரக்கட்டைதான். நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, நேரம் தவறக் கூடாது என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் நிலமோ சரிவு. வேலையின் நடுவில் கால் பிடித்துக்கொண்டால் உருண்டு விழ வேண்டியதுதான்.

அதற்காகத்தான், மாத்திரை நேரம் வந்ததும் அடிக்கும்படி ஒரு மணியைச் செய்தேன். அறிவியல் கண்காட்சிக்காக வாங்கிய, சொல்லிக்கொடுத்த வேலையைச் செய்யும் குட்டிக் கணினி மாதிரியான ஆர்டுயினோ போர்டு ஒன்று என்னிடம் இருந்தது. அதோடு ஒரு சின்னத் திரையையும், தோப்புவரை கேட்கும் ஒரு ஹாரனையும் இணைத்தேன். போர்டு தானாக எண்ணிய நேரம் நாளுக்கு நாள் விலகியது. கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்தது. நேரம் பார்ப்பதற்கென்றே உள்ள சில்லு ஒன்றை, பட்டன் பேட்டரியோடு வாங்கிச் சேர்த்தபின் ரேடியோ சொல்லும் நேரத்தோடு ஒத்துப்போனது. ஹாரன் அடித்ததும் வேட்டி மடியில் முடிந்திருக்கும் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். "டீச்சரு மணி அடிச்சிட்டாங்கப்பா" என்று கொல்லை வேலைக்கு வந்தவர்களிடம் என்னைக் கிண்டலடிப்பார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்கழிக் குளிரில்தான் குறை சொல்ல ஆரம்பித்தார். மணி தாமதமாக அடிக்கிறதாம். அது அடிப்பதற்கு முன்பே கால் பிடித்துக்கொள்கிறதாம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பத்தைக் கழிக்க மறந்திருப்பீர்கள் என்றேன். மறக்கவில்லை என்றார். நான் விடுவேனா? ஸ்டூல் போட்டு ஏறி, முள்ளைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, இனிமேல் யாரும் எதையும் கழிக்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். அந்த வாரமே டாக்டரைப் பார்க்கத் தன் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டவர், கடிகாரத்தைப் பார்த்து வழக்கம்போல் பத்தைக் கழித்துக்கொண்டு நிதானமாகத் தலை வாரினார். நிறுத்தத்துக்குப் போனபோது பஸ் வளைவில் இறங்கிக்கொண்டிருந்ததாம். டாக்டரிடம் மறு தேதி ஒரு மாதம் தள்ளித்தான் கிடைத்தது.

போனால் போகிறது, அதற்குள் மணியைச் சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். குளிரில் அந்தச் சில்லின் ஓட்டம் மாறும் என்று படித்ததும், குளிருக்கும் வெயிலுக்கும் தன்னைத் திருத்திக்கொள்ளும் வேறொன்றை வரவழைத்தேன். அவர் குறை நிற்கவில்லை. கடைசியாக ஜிபிஎஸ் கருவி ஒன்றை வாங்கி, ஓட்டு இடுக்கு வழியாக ஒயரை விட்டு, கூரைமேல் வானம் பார்க்க வைத்தேன். செயற்கைக்கோளிலிருந்தே நேரம் வந்தது. இதற்குமேல் ஒரு சரியான நேரம் உலகத்தில் கிடையாது, இனி அவர் என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்று ஒரு வீம்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மோர் எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். மணி அடிக்க இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஒரு புளியமரத்தைக் கட்டிப்பிடித்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார். காலடியில் உலுக்கிய பழங்கள் பொறுக்காமல் கிடந்தன. கிட்டப் போனபிறகுதான், அவரால் அந்த மரத்தை விட்டு நகர முடியவில்லை என்று தெரிந்தது.

"மணி இன்னும் அடிக்கல, இல்ல?" என்றார். குரல் உள்ளே போயிருந்தது.

இல்லை, இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, செயற்கைக்கோள் நேரம் தப்பாது என்றேன்.

"அப்போ மணி சரியாத்தான் கீது. எனக்குத்தான் மாத்திர நாலு மணி நேரம் தாங்கல."

இத்தனை நாளும் அவர் தன் உடம்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நான் கடிகாரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். நோய் முற்றிக்கொண்டு வந்ததை நான் குளிர்மேல் போட்டேன், சில்லுமேல் போட்டேன். சரிசெய்ய இனி என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

"பஸ்ஸுக்கு வெச்ச மாதிரி, இதையும் கொஞ்சம் முன்னாடி தள்ளி வெச்சிடேன் டீச்சரு."

டாக்டரைக் கேட்காமல் முன்கூட்டிக் கொடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவரை மெல்லச் சாய்த்து மரத்தடியில் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை என் கைக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் செய்த மணி ஒரு நொடிகூட முந்தாமல், அதற்குரிய நேரத்தில்தான் அடித்தது. அதற்குப் பிறகுதான் மாத்திரையைக் கொடுத்தேன்.

மாலையில் அவர் தம்பிக்குச் சொல்லி அனுப்பினேன். டாக்டர் கொடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்க முடியாது, காலையில் நானும் கூட வருகிறேன், எவ்வளவு நேரமானாலும் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் திரும்புவது என்று. பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தேன். கட்டிலில் படுத்தபடி அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக்கு அந்த பஸ்ஸை விடக் கூடாது.