காதர் பாய் கொடுத்த மதர்போர்டு

அந்த மதர்போர்டைக் கெடுத்தவன் நான்தான். காதர் பாய் நல்ல பொருளைத்தான் கொடுத்தார். என் கையால் அதை நசுக்கிவிட்டுப் பழியை அவர் தலையில் போட்டேன்.

பாருங்கள், எழுத மூன்று வரிதான் ஆகிறது. சொல்ல வேண்டிய ஒருத்தியிடம் சொல்ல இத்தனை ஆண்டுகளாக எனக்கு வாய் வரவில்லை...

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். காத்திவாக்கத்தில் முட்டளவு சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்திருக்கிறேன். துறைமுகத்தில் கப்பல்மேல் ஏறிக் கன்டெய்னர்களைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறேன். திருவொற்றியூரில் பழைய கம்ப்யூட்டர்களை உடைக்கிற கொட்டகையில் ஓர் ஆண்டு இருந்தேன். ஓரிடத்தில் நிற்கிற கால் எனக்கு வாய்க்கவில்லை. இதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம். நான் பட்டதில்லை.

அந்தக் கொட்டகையில்தான் முதன்முதலாக மதர்போர்டைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதுகூடத் தவறு. சுத்தியலால் அடித்தேன். செம்பைத் தனியாகவும் அலுமினியத்தைத் தனியாகவும் பிரித்து மூட்டை கட்டினால் எடைக்குப் போய்விடும். ஒரு போர்டுகூட உயிரோடு இயங்கி நான் கண்டதில்லை. ஆனாலும் வெளியே, ‘கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய்யா? உங்களைத்தான் கேட்கிறேன்!

ஜெபா என்னோடு துறைமுகத்தில் உழைத்த சவரிமுத்துவின் மகள். கல்மண்டபத்தில் வீடு. இருபத்து மூன்று வயது. கன்டெய்னர் யார்டு வாசலில் உட்கார்ந்து லாரி எண் பதிகிற வேலை. வேலை விட்டால் விளையாட்டு. ஐந்து பேர் அணியாகச் சேர்ந்து சுடுகிற கம்ப்யூட்டர் விளையாட்டு அது. மணிக்கு இவ்வளவென்று வாடகை கொடுத்துக் கடைகளில் ஆடியே பெயரெடுத்தவள். ஒரு பெரிய அணி அவளைச் சோதித்துப் பார்க்க அழைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை, சொந்த இயந்திரத்தில், வீட்டிலிருந்தே ஆட வேண்டும்.

பிராசஸரை ஒரு தோழியிடம் வாங்கி வைத்திருந்தாள். பெட்டி, ரேம், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் வந்துவிட்டன. பிராசஸருக்குப் பொருந்துகிற மதர்போர்டு மட்டும் பாக்கி.

“உனுக்கு இதெல்லாம் தெரியுமாண்ணா?” என்று கேட்டாள்.

“நான் பாக்காத போர்டா? வுடும்மா, நான் வாங்கியாறேன்.”

அவள் பிராசஸரை எடுத்துக் காட்டினாள். பிளாஸ்டிக் உறைக்குள் தீப்பெட்டியைவிடச் சிறிய சதுரம். மேலே பொடி எழுத்துகள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ‘இது எந்த வகை?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினேன்.

பழைய வண்ணாரப்பேட்டைச் சந்தில் காதர் பாய்க்குக் கடை. பழைய உதிரிப் பாகங்களைப் பழுது பார்த்து விற்பவர். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ‘பாய்கிட்ட வாங்கினா ஓடும்’ என்கிற பேச்சுதான் அவருடைய பெயர்ப்பலகை, முதல், எல்லாமே. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் உடைத்தது ஒரு போர்டை மட்டுமென்று நினைத்துவிடாதீர்கள்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிராசஸரைக் கண்ணால் பார்க்காமல் போர்டு தரமாட்டார். அங்கேயே பொருத்தி, திரையில் எழுத்து வந்த பிறகுதான் கையில் கொடுப்பார்.

“பிராசஸர் எங்க நைனா?”

“வூட்ல கீது பாய்.”

“போய் எடுத்துக்கினு வா.”

“இன்னா பாய் பேஜார் பண்ற? ஒம்பதாவது ஜெனரேஷன். நான் பாத்துட்டுத்தானே வரேன். என் பேச்சு மேல நம்பிக்கை இல்லியா?”

ஒன்பது என்று எனக்கு யார் சொன்னது? யாருமில்லை. வாயில் வந்தது!

என் பேச்சை நம்பி அவர் தன் வழக்கத்தை விட்டுக்கொடுத்தார். பிறகு ஒரு போர்டை எடுத்து, ஓரத்திலிருந்த கம்பி லிவரைத் தூக்கி நடுவிலிருந்த மூடியைத் திறந்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

“பாத்துக்கோ. ஒவ்வொண்ணும் நேரா கீதா?”

குனிந்து பார்த்தேன். என்னவென்று சொல்வேன்! பிராசஸர் உட்கார வேண்டிய அந்தச் சின்னக் குழிக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊசிகள். மயிரிழையைவிட மெல்லியவை. பொன்னிறம். ஒன்றுபோல ஒரே பக்கம் சாய்ந்து, பெருநாள் தொழுகைக்கு மைதானத்தில் வரிசை கட்டியவர்களைப் போல நின்றன. ஒரு வரிசைகூட விலகவில்லை. ஓர் ஆண்டு முழுக்க என் சுத்தியல் எதன்மேல் விழுந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கழுத்து வலிக்கும்வரை நிமிரவில்லை.

“நேரா கீது பாய்,” என்றேன். என் வாயால் சொன்னேன்.

“லிவர அமுக்கச் சொல்லோ நொறுங்கற மாரி ஒரு சத்தம் வரும். பயந்துக்காத. ஆனா பிராசஸர வைக்கச் சொல்லோ அழுத்தவே கூடாது. தானா ஒக்காரணும்.”

ஜெபாவின் வீட்டில் பெட்டியைத் தரையில் கிடத்தி வேலையைத் தொடங்கினேன். பிராசஸரைக் குழியில் வைத்தேன். உட்காரவில்லை. அதன் ஓரத்திலிருந்த வெட்டும் குழியின் ஓரத்திலிருந்த முனையும் ஒன்றுக்கொன்று தள்ளி நின்றன. திருப்பி வைத்தேன். அப்படியும் உட்காரவில்லை.

இந்த இடத்தில் என் கை தன் பழைய வேலைக்குப் போய்விட்டது. கப்பலில் கன்டெய்னர்மேல் கன்டெய்னர் இறக்கும்போது மூலைகளில் இரும்புப் பூட்டு வைப்போம். மேல்பெட்டி அதில் சரியாக அமராமல் துருத்திக்கொண்டு நிற்கும். கம்பியால் ஓங்கி ஒன்று வைத்தால் அத்தனை டன்னும் ‘டொக்’கென்று உட்காரும். உட்காராதது எதுவும் இடித்தால் உட்காரும். பத்து ஆண்டுகள் என் கைகள் படித்த படிப்பு அது ஒன்றுதான்.

கட்டைவிரலால் அழுத்தினேன். பிறகு மூடியைப் போட்டு லிவரைத் தள்ளினேன். நறநறவென்று சத்தம் வந்தது.

“இன்னாண்ணா சத்தம்?” என்று அடுப்படியிலிருந்து ஜெபா கேட்டாள்.

“அப்பிடித்தாம்மா வரும்.”

மின்விசிறி சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது. மூடியைத் திறந்தேன்... பொன்னிற வரிசைகள் ஒரு மூலையில், புயலுக்கு மறுநாள் எண்ணூர்க் கழிமுகத்துக் கோரையைப் போலப் படுத்துக் கிடந்தன.

ஜெபா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “அய்யோ! வளைஞ்சி கீதே... எப்பிடிண்ணா?”

அப்போது உண்மை என் நாக்கின் நுனியில் இருந்தது. என்னை நம்புங்கள், இருந்தது!

“பழசும்மா. பாய் பாக்காம குடுத்துட்டாரு போல,” என்றேன்.

அவ்வளவுதான். போர்டையும் பிராசஸரையும் பையில் போட்டுக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள். பின்னால் ஓடினேன். கடையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள்.

“இன்னா பாய், பொண்ணுதானே, தெரியாதுன்னு நெனச்சிக்கினியா? வளைஞ்ச போர்ட தள்ளி வுடுற! ஞாயித்துக்கெயம எனுக்கு மேட்ச்சு. இத்த வெச்சிக்கினு நான் பல்லாங்குழியா ஆடறது?”

சந்தில் யாரோ சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. பிராசஸரை வாங்கி ஒருமுறை பார்த்தார். போர்டை ஒருமுறை பார்த்தார். அவருக்கு அந்தக் கணமே எல்லாம் தெரிந்துவிட்டது.

“இது பத்தாவது ஜெனரேஷன்மா. அந்தப் போர்டு ஒம்பதாவதுக்கு உள்ளது. ஒக்காராதத யாரோ அழுத்தி கீறாங்க.”

“யாரோன்னா? எங்க அண்ணனையா சொல்ற? அவுரு கம்ப்யூட்டர் வேலையில இருந்தவரு, தெரியுமா?”

பாய் என் பக்கம் திரும்பினார். “நைனா, நீ பாத்தியே. நான் குடுக்கச் சொல்லோ எப்பிடி இருந்திச்சி? நீயே சொல்லு.”

அந்தக் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் ஒரு சொல் சொன்னால் அவர் பெயர் நிற்கும். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

“நான் சரியாப் பாக்கல பாய். நீ குடுக்கறியேன்னு நம்பி வாங்கிக்கினேன்.”

எப்படிச் சொன்னேன்? எந்த வாயால் சொன்னேன்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை...

காதர் பாய் வளைந்த போர்டை எடுத்து ஓரமாக வைத்தார். உள்ளே போய் வேறொரு போர்டு கொண்டுவந்தார். ஜெபாவின் பிராசஸரை இரண்டு விரல்களால் ஓரம் பிடித்துக் குழியின் மேலே கொண்டுபோய் விட்டார். அழுத்தவில்லை, தள்ளவுமில்லை. வெட்டும் முனையும் சேர்ந்து, தன் எடையிலேயே அது அமர்ந்தது. லிவரை இறக்கி, கம்பிகளை மாட்டி, ஸ்விட்சைத் தட்டினார். திரையில் எழுத்துகள் வந்தன.

நான் வாய் பிளந்து நின்றேன். சுத்தியலுக்கென்றே பிறந்ததாக நான் நினைத்திருந்த தகடு கண் திறக்கிறது! என் பாவத்தின் நடுவிலும் எனக்கு அந்த வியப்பு வந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபா ஆடினாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கண் இமைக்கும் முன் அவள் விரல் முடிவெடுத்துவிடுகிறது. அந்தப் பெரிய அணியின் ஐந்து பேரில் அவளும் ஒருத்தியானாள். சில வாரங்கள் கழித்து அவள் ஆட்டத்தை இணையத்தில் காட்டிய நேரலை ஒன்றில் யாரோ, போர்டை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். “வண்ணாரப்பேட்டையில ஒரு பாய் கடை. மாட்டிக்காதீங்க தோஸ்துங்களா, வளைஞ்சத தள்ளி வுடுவாரு. எங்க அண்ணன்தான் செட் பண்ணாரு, வோணும்னா அவரக் கேளுங்க,” என்றாள் சிரித்துக்கொண்டே. எத்தனை பேர் அதைக் கேட்டார்களோ எனக்குத் தெரியாது. அதன் பிறகு என் கைப்பேசி ஓயவில்லை. பாய் கடை வாசலில் நின்ற கூட்டம் கரைந்தது. தெரிந்த தொழில் ஒன்றுமில்லாமல் திரிந்தவன், அவர் செய்வதைப் பார்த்த பார்வையிலேயே கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுத்துப் பிழைக்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் தாங்கமுடியாமல் அவர் கடைக்குப் போனேன். பிற்பகல். கடையில் அவர் மட்டும். பூதக்கண்ணாடியின் கீழே அதே போர்டு. தையல் ஊசியின் முனையால், நான் படுக்கவைத்தவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். மூச்சை அடக்கி ஒன்றை நிமிர்த்துவார். மூச்சு விடுவார். மறுபடி அடக்குவார். எவ்வளவு நேரம் நின்றேனோ... ஒரு மனிதக் கைக்கு இத்தனை பொறுமை உண்டென்று அதுவரை நான் அறிந்ததில்லை.

“பாய்... அன்னிக்கி... நான்தான்...”

அவர் நிமிரவில்லை.

“தெரியும் நைனா.”

“மன்னிச்சிடு பாய்.”

“எனுக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே சொல்லி இன்னா ஆவப் போவுது? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. அப்பால வா.”

போனேன். கல்மண்டபம்வரை நடந்தே போனேன். ஜெபா கதவைத் திறந்து, “வாண்ணா!” என்றாள். அந்த ‘அண்ணா’வைக் கேட்டதும் வந்த வழியே திரும்பிவிட்டேன். அதன் பிறகு வண்ணாரப்பேட்டைச் சந்துக்குள் என் கால் போகவில்லை.

ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நானும் தினமும் அதையேதான் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று காலை ஜெபா அழைத்தாள். அவர்கள் அணிக்கே புதிதாக ஐந்து இயந்திரங்கள் வேண்டுமாம். ஐந்தையும் நான்தான் பொருத்தித் தர வேண்டுமாம்.

“போர்டெல்லாம் நீயே பாத்து வாங்குண்ணா. அந்தப் பாய் கடை மட்டும் வாணாம், இன்னா?”

மறுமுனையில் அவள் காத்திருந்தாள்.

“சரிம்மா,” என்றேன்.