இருட்டில் பார்ப்பவருக்குப் பன்னிரண்டு ஜன்னல்

என் ஜன்னலைப் பிடுங்கிக்கொண்டவர் அந்தத் தொடர்கதை எழுத்தாளர்தான். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. இன்று ஊரெல்லாம் அவருக்கு மாலை போடுகிறது. போடட்டும். நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன்.

மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் நான் கம்போஸிட்டர். ஒரு வாரப் பத்திரிகை அங்கே அச்சானது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாகக் கோப்பது என் வேலை. எழுத்து எறும்பு அளவுதான் இருக்கும். அதுவும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி இருக்கும். வெளிச்சம் இல்லாமல் இந்த வேலை ஓடாது. அந்த அச்சகத்தில் இருந்தது ஒரே ஜன்னல். அதன் அடியில்தான் என் எழுத்துப் பெட்டி பல வருஷமாக இருந்தது.

பத்திரிகையில் ஒரு விஞ்ஞானத் தொடர்கதை போட முதலாளிக்கு ஆசை வந்தது. எழுத்தாளர் வந்தார். தியாகராய நகரில் புதிதாக வீடு கட்டியிருந்தார். அந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். சுவரைவிட ஜன்னல்தான் அதிகம். ஆனால் அங்கே குழந்தைகள் சத்தமாம், கற்பனை வரவில்லையாம். அச்சகத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன் என்றார். மேஜையை எங்கே போடுவது என்று முதலாளி கேட்டபோது, அவர் யோசிக்கக்கூட இல்லை. நேராக ஜன்னலைக் காட்டினார். என் பெட்டி மூலைக்குப் போனது.

மூலைக்கு முதலாளி ஒரு அரிக்கேன் விளக்கு கொடுத்தார். அந்த விளக்கு தன்னைக் காட்டிக்கொண்டதே தவிர எழுத்தைக் காட்டவில்லை. சோதனைக்கு எடுக்கும் புரூஃபில் பிழை குவிந்தது. ஒரு வாரம் கதாநாயகன் சிரித்தான் என்பது சரிந்தான் என்று வந்துவிட்டது. எழுத்தாளர் குதித்தார். இப்படியே போனால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று முதலாளி சொல்லிவிட்டார். கண் டாக்டரிடம் போனேன். பகல் வெளிச்சத்தில் வேலை செய்யாவிட்டால் கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் தடவித்தான் பார்ப்பாய் என்றார். கம்போஸிட்டருக்குக் கண் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

இப்போது அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். ஐந்நூறு வருஷம் கழித்து வரப்போகும் சென்னப்பட்டணம். அதை ஆள்பவன் மனிதனுக்கு மேற்பட்ட ஒரு தலைவன். அவனுக்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை. பறப்பான். கும்மிருட்டில் கடுகு கிடந்தாலும் அவன் கண்ணுக்குத் தெரியும். சரி, கதைதானே. ஆனால் ஊரார் அவனுக்குச் செய்யும் மரியாதையைப் பாருங்கள். பசிக்காதவனுக்கு முதல் பந்தி. தூங்காதவனுக்கு இலவம்பஞ்சு மெத்தை. பறப்பவன் மோட்டாரில் போக மவுண்ட் ரோடில் பாதியைக் கயிறு கட்டி ஒதுக்கியிருந்தார்கள். இருட்டில் பார்ப்பவனுக்கு ஊரிலேயே வெளிச்சமான மாளிகை. அதில் பன்னிரண்டு ஜன்னல் வைத்த அறை.

இதை மூலையில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகக் கோத்தவன் நான்.

எங்கள் அச்சு மிஷினைக் காலால் மிதித்து ஓட்டியவர் ஒரு பாய். உருது, தமிழ் இரண்டிலும் கிண்டல் செய்வார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கதையை அவருக்குச் சொல்லுவேன்.

"பறக்கறவனுக்கு மோட்டார் இன்னாத்துக்கு நைனா? நடுவுல காத்து தீந்துபூட்டா ஏறிக்கறதுக்கா?" என்பார்.

ஆனால் எல்லாவற்றுக்கும் அவர் என் பக்கம் நிற்கவில்லை. அந்தத் தலைவன் கடல் பொங்கி வந்தபோது தனி ஆளாக நின்று ஊரைக் காப்பாற்றியவன். ஜனங்கள் ஆசைப்பட்டுக் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொண்டால் என்ன தப்பு என்று கேட்டார். யோசித்தால், அச்சகத்தில் நாங்களே ஒரு சலுகை கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். பானைத் தண்ணீரில் முதல் குவளை பாய்க்கு. யாரும் சட்டம் போடவில்லை. நாள் முழுக்க மிஷினைக் காலால் மிதிப்பவருக்குத் தாகம் அதிகம், அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போதுதான் பதில் கிடைத்தது. தாகம் எடுக்கிறவனுக்கு முதல் குவளை கொடுப்பது நியாயம். தாகமே எடுக்காதவன் அதை வாங்கிக் கீழே ஊற்றினால் அது திமிர்.

இப்படி இருக்கும்போது ஒரு வாரம் எழுத்தாளர் கல்யாணத்துக்கென்று பெங்களூர் போய்விட்டார். போகும் அவசரத்தில் கொடுத்த அத்தியாயம் ஒன்பது வரி குறைந்தது. எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பக்கம் நிரம்பாவிட்டால் கம்போஸிட்டரே ஏதாவது நாலு வரி கோத்து நிரப்பிவிடலாம். சீயக்காய் நல்லது, வெந்நீர் நல்லது என்று போடுவோம். முதலாளி படித்துப் பார்க்க மாட்டார். வரியைத்தான் எண்ணுவார். "நிரப்பிடு" என்றார். சீயக்காய்க்கு அன்று என் கை போகவில்லை. காகிதத்தில் எழுதாமல் நேராக ஈயத்திலேயே கோத்தேன்:

'அப்போது கூட்டத்தில் ஒருவன் எழுந்தான். "தலைவரே, தாங்கள் இருட்டிலும் பார்ப்பீர்கள். எங்களால் முடியாது. பன்னிரண்டு ஜன்னல் உள்ள அறையில் தாங்கள் இருக்கிறீர்கள். ஜன்னலே இல்லாத வீட்டில் நாங்கள் ஊசியில் நூல் கோக்கிறோம். இது நியாயமா?" என்று கேட்டான். தலைவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான்.'

அதன் கீழே 'தொடரும்' என்று போட்டேன். மிஷினில் ஏற்றும் முன் பாய் முழுவதும் வாசித்துக் காட்டச் சொன்னார். "உனக்குச் சீட்டு கிழிஞ்சுது" என்று சொல்லிவிட்டு மிதிக்க ஆரம்பித்தார்.

அந்த வாரம் வந்த அளவு கடிதம் அதற்கு முன் வந்ததில்லை. தலைவன் என்ன பதில் சொன்னான் என்று எல்லோரும் கேட்டார்கள். திருவல்லிக்கேணி வாசகசாலையில் இரண்டு பேருக்குக் கைகலப்பே வந்ததாகக் கேள்வி. எழுத்தாளர் திரும்பி வந்து படித்தார். முகம் சிவந்தது. ஆனால் வரிகள் தன்னுடையவை அல்ல என்று முதலாளியிடம் சொல்லவில்லை. கடிதக் கட்டை எடுத்துத் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்து அடுத்த அத்தியாயத்தை எழுதினார். முதல் வரியிலேயே தலைவன் வாயை மூடிக்கொண்டு கண்ணால் பார்த்தான். கேள்வி கேட்டவன் சாம்பலாகிவிட்டான்.

என் சாவை நானே கோத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக எதையும் கோத்ததில்லை. ஒரு பிழை கிடையாது.

வாசகர்கள் விடவில்லை. ஆளை எரித்தது சரி, பதில் எங்கே என்று எழுதினார்கள். முதலாளி எழுத்தாளரை நெருக்கினார். அப்போதுதான் அவர், அந்தக் கேள்வி தான் எழுதியதே அல்ல என்று கையை விரித்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

எழுத்தாளர் எழுந்து நின்றார். "கதையைப் பத்தி நோக்கு என்னடா தெரியும்?"

"எனக்கு ஒண்ணுமே தெரியல சாமி. மூலைல இருட்டா கீது."

மிஷின் நின்றுவிட்டது. பாய் வேண்டுமென்றே காலை எடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஊரைக் காப்பவனுக்கு ஊர் கொஞ்சம் வசதி செய்து தரக்கூடாதா, மூளையால் உழைக்கிறவனுக்கு வெளிச்சம் வேண்டாமா என்று எழுத்தாளர் முதலாளியைப் பார்த்துக் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. பதில் மட்டும் நான்தான் சொன்னேன்.

"காலைலேர்ந்து கண்ண மூடிக்கினு யோசிக்கிறீங்களே சாமி, அதுக்கு ஜன்னல் இன்னாத்துக்கு?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக மாற்றிக்கொண்டார். நல்ல மனிதர்தான், முதுகெலும்பு மட்டும் கிடையாது. "ரெண்டு பேருமே நேக்கு வேணும் ஸ்வாமி. காலம்பற அவன் இருக்கட்டும், மத்தியானத்துக்கு மேல நீங்கோ" என்று தீர்ப்புச் சொன்னார்.

மறுநாளிலிருந்து காலை வேளையில் ஜன்னலடியில் நின்றேன். நான்கே நாளில் பிழை பாதியாகக் குறைந்தது. இதற்குச் சாட்சி பாய். எழுத்தாளருக்கோ மத்தியானம் கற்பனை வராதாம். காலையில்தான் வருமாம். தியாகராய நகரில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு வாரம் கதை வரவில்லை. ஆசிரியருக்கு உடல்நலமில்லை என்ற அறிவிப்பையும் நான்தான் கோத்தேன். மூன்றாவது வாரம் முதலாளி ஜட்கா வண்டி வைத்துப் போய் அவரை அழைத்துவந்தார். அவர் மேஜை மறுபடியும் ஜன்னலடிக்கே போனது. நான் கணக்கை முடித்துக்கொண்டு அடையாறில் வேறு அச்சகம் தேடிப் போனேன். அங்கே ஜன்னல் இருக்கிறது. ஆனால் என் இடது கண் தேறவில்லை. மங்கலாகவே இருக்கிறது.

இதோடு நான் விட்டிருப்பேன். போன மாதம் அந்தத் தொடர்கதை புத்தகமாக வந்தது. வாங்கிப் புரட்டினேன். என் ஒன்பது வரியும் அப்படியே இருக்கிறது, ஒரு புள்ளி மாறவில்லை. சாம்பலானவனைக் காணோம். அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார். கேள்விக்குப் பிறகு தலைவன் தலைகுனிந்து மாளிகையை விட்டுப் போகிறான், ஜனங்கள் அழுகிறார்கள். முன்னுரையில், உயர்ந்தவர்களின் சலுகையைத் தைரியமாகக் கேள்வி கேட்டவர் தாம்தான் என்று எழுதியிருக்கிறார். இந்தத் தைரியத்துக்குத்தான் மாலை.

எழுத்தாளர் ஐயா, வருகிற ஞாயிற்றுக்கிழமை தியாகராய நகரில் உங்களுக்குப் பாராட்டுக் கூட்டம் என்று நோட்டீஸ் பார்த்தேன். நானும் வருகிறேன், முன்வரிசையில் உட்காருகிறேன். இடது கண் மங்கல் என்பதால் முன்வரிசை எனக்கு நியாயமான சலுகைதான். மேடையில் எல்லோருக்கும் கேட்கும்படி இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்த ஒன்பது வரியைக் கோத்தவன் யார்? உங்கள் தலைவன் மாளிகையை விட்டுப் போய்விட்டானே, நீங்கள் ஏன் இன்னும் அந்த ஜன்னலடியிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்?