பதினெட்டுக் கட்டிலுக்கும் ஒரே கணக்கு

குழந்தையின் எடையை அடித்து முடித்ததும், என்டர் பொத்தானுக்கு மேலே விரலை ஒரு நொடி நிறுத்தி, "எங்கே, சொல்லு ராசாத்தி" என்று கணினியைக் கொஞ்சுகிறார் பால் ரூம் அக்கா. திரையில் மில்லி கணக்கு வந்ததும், "சமத்து!" என்று மானிட்டரின் உச்சியில் ஒரு தட்டு. பிறகுதான் லேபிள் அச்சாகும்.

குறைமாதக் குழந்தைகளின் வார்டை ஒட்டியது அவருடைய அறை. பதினெட்டுக் கட்டில்கள். காலையில் வரும் எடையை வைத்து, ஒரு வேளைக்கு எந்தக் குழந்தைக்கு எவ்வளவு பால் என்று கணக்கிட்டு, அளந்து, பாட்டிலில் லேபிள் ஒட்டித் தரவேண்டும். அளவுக் குவளையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவார். அப்போது யாராவது வாய் திறந்தால் தொலைந்தார்கள். "பேச்சு அப்புறம். இது பச்சப்புள்ள வயித்துக்குள்ள போற சமாசாரம்."

கணினி வகுப்பு நடத்துகிறவர் அவருடைய நாத்தனார். அங்கே போய் உட்கார்ந்து அரைகுறையாகக் கற்று அக்கா முதலில் எழுதிய புரோகிராம் இருக்கிறதே, அடேயப்பா! ஒரே கணக்கைக் கட்டிலுக்கு ஒன்றாகப் பதினெட்டுத் தடவை எழுதியிருந்தார். ஒருநாள் டாக்டர், கிலோவுக்கு இத்தனை மில்லி என்ற அளவைக் கூட்டச் சொன்னார். அக்கா வரிவரியாகத் திருத்தினார். பதினேழு முடிந்தபோது போன் அடித்தது. பதினெட்டாவது அப்படியே நின்றுவிட்டது. வார்டிலேயே சின்னஞ்சிறு உயிர் அந்தக் கட்டிலில்தான் கிடந்தது.

பால் கொடுக்கப் போன நர்ஸ் லேபிளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "அக்கா, டாக்டர் கூட்டச் சொன்னாரே, இதுல பழைய அளவே இருக்கே?" நர்ஸ் கத்தவில்லை. நடந்ததைப் பதிவேட்டில் எழுதினார், டாக்டரிடம் சொன்னார், கூடவே நின்று மற்ற பதினேழு லேபிளையும் சரிபார்த்தார். "அந்தப் பொண்ணு மட்டும் பார்க்கலேன்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அடுத்த வாய் சோறு தின்னிருப்பேன்?" என்று இன்றைக்கும் கண் கலங்குகிறார்.

அன்றைக்கே நாத்தனாரிடம் ஓடினார். "அண்ணி, கணக்கை ஒரே இடத்துல ஃபங்ஷனா எழுதி ஒரு பேர் வைங்க. வேணுங்கறப்போ பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. மாத்தணும்னா அந்த ஒரு இடத்துல மாத்தினா போதும்" என்றார் நாத்தனார்.

அக்கா எழுதினார். பதினெட்டுக் குழந்தைக்கும் ஒரே அளவு பால் வந்தது! முதல் குழந்தையின் எடையை ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதித் தொலைத்திருந்தார். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பதினெட்டும் ஒரே பிரசவமா அண்ணி? எடையை உள்ள போட்டுப் பூட்டாதீங்க. கூப்பிடும்போது ஒவ்வொண்ணா கையில குடுங்க."

அதன்பிறகு எல்லாம் சரியாக வந்தது. "நீ நல்லா இருக்கணும்டி" என்று நாத்தனாரின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். நர்ஸைப் பார்க்கும்போதெல்லாம், "உங்களுக்குக் கோடிப் புண்ணியம் சிஸ்டர்."

"இதையே எத்தனை தடவைக்கா சொல்வீங்க?"

"மூச்சு இருக்கிற வரைக்கும்."

போன வாரம் டாக்டர் மறுபடி அளவை மாற்றினார். அக்கா ஒரே ஒரு எண்ணைத் திருத்தினார். பதினெட்டு லேபிளும் கடகடவென்று வந்து விழுந்தன. கடைசி லேபிளை ஒட்டிய பாட்டிலோடு நேராக நர்ஸிடம் போனார்.

"ஒரு இடத்துல மாத்தினா எல்லாமே மாறிடும்னு நீங்கதானேக்கா சொன்னீங்க? நான் வேற எதுக்குப் பார்க்கணும்?" என்றார் நர்ஸ்.

அக்கா, நர்ஸ் தலைமேல் ஏற்றி வைத்திருந்த மூக்குக்கண்ணாடியைத் தன் கையாலேயே இறக்கி அவர் கண்ணில் மாட்டிவிட்டு, லேபிளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்.